ஞாயிற்றுக்கிழமை நோயாளி

அந்த மோட்டார் முழு வேகத்தில் ஓட வேண்டுமானால், வண்டிக்குள் யாராவது ஒருவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்க வேண்டும்.

சிங்காநல்லூரில் மருதாசலத்தின் பட்டறையில், ஒரு சாக்கின் மேல் தர்பூசணி அளவுக்கு அது கிடந்தது. கழித்துப் போட்ட ஆம்புலன்ஸ் ஒன்றிலிருந்து கழற்றி, உக்கடம் பழைய இரும்புக் கடையில் வாங்கியது. பக்கத்தில் சங்கிலிக் கப்பியில் தொங்கிக்கொண்டிருந்தது, அப்போதுதான் காரிலிருந்து தூக்கி எடுத்த எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். முந்நூறு கிலோ வார்ப்பிரும்பு. பெட்ரோல் விற்பனை நின்று ஒன்பது வருடங்கள் ஆகிவிட்டன. அந்த எஞ்சின் இனி எடைக்குத்தான்.

"சாதா மோட்டாரைப் போட்டா அறுபதுக்கு மேல போகாதுங்கண்ணா, சட்டம் கட்டி வெச்சிருக்குது" என்றாள் நஸ்ரின். பட்டறையில் மின்வேலை அவளுடையது. "ஆம்புலன்ஸ் மோட்டார் ஒண்ணுதான் போகும். அதுவும் நோயாளி விரல்ல இந்தக் கிளிப்பை மாட்டி, நாடியும் ஆக்சிஜனும் மோசமா இருந்தாத்தான் பச்சை லைட் போட்டு 'சரி, போ'ங்கும்."

"மத்ததெல்லாம் கேக்காதா?"

"ஏன் கேக்காது? ஸ்ட்ரெச்சர் எங்க, பின்கதவு சாத்தியாச்சா, சைரன் இருக்குதான்னு மாமியார் மாதிரி கேக்குது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்ன சர்க்யூட் வெச்சுப் பொய் சொல்லியிருக்கேன். மொத்தம் முப்பத்தோரு பொய்." அவள் சிரித்தாள். "கிளிப்புக்கு மட்டும் பொய் வேண்டியதில்லை. முகுந்தன் சாருக்கு நெசமாவே உடம்பு சரியில்லையே."

மருதாசலம் தலையசைத்தார். அந்தக் காரணத்துக்காகத்தான் அவர் இந்த வேலையை ஒப்புக்கொண்டிருந்தார்.

காருக்குச் சொந்தக்காரர் முகுந்தன், ஒரு காலத்தில் பந்தயங்களில் ஓட்டியவர். அவருடைய கார், பெரிய எஞ்சின் வைத்த மஸில் கார் என்று சொல்வார்களே, அந்த வகை. அகலமான முகம், நீண்ட மூக்கு, உள்ளே அடக்கி வைத்த ஒரு மூர்க்கம். இப்போது முகுந்தனுக்கு ஐம்பத்தெட்டு வயது. தசைகள் ஒவ்வொன்றாகச் சொல் கேட்காமல் போகும் நோய் மூன்று வருடமாக இருந்தது. கால், கை, கழுத்து எல்லாம் போய்விட்டன. கண்ணும் நாக்கும் மட்டும் மிச்சம். மூச்சுவிடும் தசையும் தளரத் தொடங்கியிருந்தது. அவரைப் பார்க்கப் போன மருதாசலத்திடம், இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கி, அவர் கேட்டது இவ்வளவுதான்:

"ஆக்சிலேட்டரை மிதிச்சா... முதுகுல ஒரு அடி விழும் பாரு... அது இன்னொரு தடவை வேணும், மருது."

இதை மறுக்க எந்த மனிதனால் முடியும்? மருதாசலத்தால் முடியவில்லை.

வேலை ஆறு வாரம் பிடித்தது. புது மோட்டார் எடையில்லாததால் காரின் மூக்கு வானத்தைப் பார்த்தது. இரும்புத் தட்டுகளை அடுக்கி அதைக் கீழே கொண்டுவந்தார்கள். எல்லாம் முடிந்து சூடம் காட்டும்போது நஸ்ரின் ஒன்று சொன்னாள்.

"மோட்டாரோட ஒட்டியிருக்கற இந்தப் பெட்டி ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமுக்குத் தகவல் அனுப்பிட்டே இருக்குதுங்கண்ணா. நாடி, ஆக்சிஜன், என்ன நோய், எல்லாமே. வயரைக் கட் பண்ணுனா மோட்டாரும் நிக்குது."

"அனுப்பிட்டுப் போகட்டும் கண்ணு" என்றார் மருதாசலம். "அதனால யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நீலம்பூர் பைபாஸில் காரை நிறுத்தினார்கள். பக்கத்து இருக்கையில் முகுந்தனைச் சாய்த்து, பட்டை போட்டுக் கட்டி, விரலில் கிளிப்பை மாட்டினாள் நஸ்ரின். ஆக்சிஜன் எண்பத்தாறு. பச்சை விளக்கு எரிந்தது. மருதாசலம் "முருகா" என்று மிதித்தார்.

சத்தமே இல்லை. ஆனால் அந்த அடி விழுந்தது. முகுந்தனின் தலை இருக்கையில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வலியோ என்று பயந்து மருதாசலம் வேகத்தைக் குறைத்தார்.

"யோவ்... ஏன்யா நிறுத்துன... பால் வண்டியா ஓட்டுற?"

அது சிரிப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. இருபது நிமிடம் ஓட்டினார்கள். ஜன்னல் காற்றை அவர் வாய் திறந்து குடித்தார். வீட்டுக்கு வந்தபோது ஆக்சிஜன் தொண்ணூற்று நான்கு. அவர் மனைவி வத்சலா அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழுதிருக்க வேண்டும்.

அப்படிப் பதினோரு ஞாயிறுகள்.

பதினோராவது ஞாயிறுக்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை, பட்டறை வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றார். ஆஸ்பத்திரிப் பணியாளரின் நீலப் புடவை. கையில் ஒரு துணிப்பை.

"ஏனுங்க தம்பி, ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை ஒருத்தரு பொழைச்சுக்கறாராம்ங்களே. அது இங்கதானுங்களா?"

அவர் பெயர் பிலோமினா. அரசு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் வேலை. கணவர் ராயப்பனுக்கு இரண்டு வருடமாக அதே தசைநோய். மூச்சு அடைக்கும்போதெல்லாம் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள். பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

"இப்ப ஒரு மாசமா வர்றதில்லீங்க. கூப்பிட்டா மெஷின்தான் பேசுது, 'காத்திருக்கவும், இந்த நோய் உள்ளவர்கள் பெரும்பாலும் இருபது நிமிடத்தில் தாமாகவே தேறிவிடுகிறார்கள்'ங்குது. போன வாரம் எங்க வீட்டுக்காரரு உதடெல்லாம் நீலம் பாஞ்சு போச்சு. பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோவுல தூக்கிப் போட்டுட்டு வந்தாரு. கர்த்தர் புண்ணியம், பொழைச்சாரு."

மருதாசலம் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"கன்ட்ரோல் ரூம்ல எனக்குத் தெரிஞ்ச புள்ள ஒண்ணு இருக்குது. ஏன் கண்ணு இப்படிங்குதுன்னு கேட்டேன். இந்த ஜில்லாவுல ஒரு நோயாளி பதினோரு தடவை ஆஸ்பத்திரிக்கே போகாம தேறிட்டாரு அக்கா, அதைப் பாத்துத்தான் மெஷின் கத்துக்கிச்சுன்னா. நோயாளி பேரு அதுக்குத் தெரியாது. வண்டி நிக்கற எடத்தை மட்டும் சொன்னா." அவர் பையிலிருந்து ஒரு சீப்பு செவ்வாழையை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது அவருக்குங்க. அப்புறம்... என்ன மருந்துன்னு சொன்னீங்கன்னாப் போதும். நாட்டு மருந்தா? மூச்சுப் பயிற்சியா? என்ன பத்தியமா இருந்தாலும் இருக்க வெச்சுருவேன்."

நஸ்ரின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருதாசலம் அவரைக் காரருகே கூட்டிப் போனார். கதவைத் திறந்து, இருக்கையையும் கிளிப்பையும் காட்டினார். எதையும் மறைக்காமல் சொன்னார்.

பிலோமினா குனிந்து அந்த இருக்கையைத் தொட்டுப் பார்த்தார்.

"காருங்களா?" என்றார். "மருந்தில்லீங்களா?"

"சந்தோஷத்துல மூச்சு நல்லா வந்திருக்குதுங்க்கா" என்றாள் நஸ்ரின். "மெஷினுக்கு அது தெரியலை. காத்திருந்ததால தேறிட்டாருன்னு எழுதிக்கிச்சு. இந்த நோய்க்காரங்க ஜில்லாவுலயே ஏழெட்டுப் பேருதான். அதனால பதினொண்ணுங்கறது அதுக்குப் பெரிய கணக்கு."

"சரவணம்பட்டியில ஒரு டீச்சரம்மாங்க" என்றார் பிலோமினா மெதுவாக. "அவங்களுக்கும் இதே நோய். போன மாசக் கடைசியில கூப்பிட்டாங்க. காத்திருங்கன்னுச்சு. காத்துட்டு இருந்தாங்க." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "நல்லவங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் மருதாசலத்துக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். "நீங்க வேணும்னு செய்யலீங்க, தம்பி" என்று சொல்லிவிட்டுக் காலிப் பையை மடித்துக்கொண்டு கிளம்பினார். வாழைப்பழத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. "அவரு சாப்பிடட்டும்" என்றார்.

மறுநாள் காலையிலேயே மருதாசலமும் நஸ்ரினும் கன்ட்ரோல் ரூமுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்கள். அதிகாரி இளைஞர், மரியாதையானவர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். மோட்டாரை முப்பது நாளைக்குள் ஒப்படைக்க வேண்டும், பட்டறை லைசென்ஸ் விஷயம் தனியாக விசாரிக்கப்படும் என்றார்.

"அதெல்லாம் எடுத்துக்கங்க சார்" என்றார் மருதாசலம். "அந்தப் பதினொரு பதிவையும் அழிச்சுருங்க. அது போதும்."

அதிகாரி திரையைப் பார்த்துக்கொண்டே சங்கடப்பட்டார். "பொய்ப் பதிவுன்னா அழிக்கலாங்க. இது நெசமான பதிவு. ஆளு நெசம், நோய் நெசம், நாடி நெசம். அழிக்க விதி இல்லை. மனு கொடுங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா மேல உக்காந்து பாப்பாங்க."

"ஆறு மாசம் ராயப்பன் தாங்குவாருங்களா?"

"மெஷின் தானாவும் மாத்திக்குமுங்க. இதே நோய்க்காரர் ஒருத்தரு காத்திருந்து, தேறலைன்னு பதிவாயிருச்சுன்னா, அந்த ஒண்ணு போதும். அதுக்கு எடை அதிகம்."

"தேறலைன்னா?"

அதிகாரி பேனாவை மூடினார். "தேறலைன்னாங்க."

"சரவணம்பட்டி டீச்சரு காத்திருந்து செத்துப்போனாங்களே சார்!" என்றாள் நஸ்ரின்.

"அவங்க விரல்ல கிளிப் இல்லீங்களேம்மா. கிளிப் ஆம்புலன்ஸோடதான் வரும், ஆம்புலன்ஸ்தான் போகலையே. மெஷினுக்குத் தெரிஞ்சது, ஒரு தடவை கூப்பிட்டாங்க, அப்புறம் கூப்பிடலை." அவர் குரலைத் தாழ்த்தினார். "தேறிட்டாங்கன்னு போட்டிருக்குது."

அன்று மாலை முகுந்தன் வீட்டில் மருதாசலம் இதைச் சொல்லி முடித்தபோது வத்சலா கொதித்துப்போனார். "பதினோரு வாரத்துல பதினோரு தடவை சிரிச்சிருக்காரு. அதுவும் தப்புன்னு சொல்ல வந்தீங்களா மருதண்ணா? அவருக்குன்னு வேற என்ன இருக்குது?"

முகுந்தன் கண்களை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தார்கள். பிறகு கேட்டார்.

"அந்த அம்மா... பழம் குடுத்துச்சா?"

"ஆமாங்க சார்."

"இப்படி ஆகுதுன்னு... யாரும் எனக்குச் சொல்லலை."

மருதாசலம் கொண்டுவந்திருந்த சீப்பிலிருந்து வத்சலா ஒரு பழத்தை உரித்து, மசித்து, கரண்டியில் ஊட்டினார். அவர் மெதுவாக, மிச்சமில்லாமல் விழுங்கினார்.

"ஞாயித்துக்கெழமை... இனி வேண்டாம்" என்றார். "ஆனா காரைக் கொண்டாந்து... போர்டிகோவுல நிறுத்து. பகல்ல நான் அதுல படுத்துக்கறேன். கிளிப்பை... கழட்டாதே."

மருதாசலத்துக்கு ஒரு நொடியில் புரிந்தது. வத்சலாவுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஆனது.

இதுவரை முகுந்தனுக்கு மூச்சு முட்டியபோதெல்லாம், இரண்டு தெரு தள்ளியிருந்த குடும்ப டாக்டர் சுவாசக் கருவியோடு ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார். அவர் வீட்டிலிருந்து யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதே இல்லை.

"அடுத்த தடவை... டாக்டர் வேண்டாம், வத்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிடு. எல்லாரும் கூப்பிடற மாதிரி. வந்தா போலாம். காத்திருன்னா... காத்திருக்கலாம்."

"சார், அது பாவமுங்க" என்றார் மருதாசலம். "கடவுள் கொடுத்த உசுரு."

"எது பாவம்? வரிசையில... நிக்கறதா?" முகுந்தனின் உதடு ஒரு பக்கம் கோணியது. "வாழ்க்கை பூரா... முந்திட்டே போயிட்டேன்யா. நின்னு பாத்ததில்லை."

மருதாசலம் அன்று மருதமலைக்குப் போனார். படியேறி, சந்நிதி முன்னால் வெகுநேரம் நின்றார். செய்தது சரியா, செய்யப்போவது சரியா என்று கேட்டார். பதில் கிடைத்ததாக அவர் எப்போதும் சொன்னதில்லை. ஆனால் மறுநாளிலிருந்து தினமும் காலையில் முகுந்தன் வீட்டுக்குப் போய், அவரைத் தூக்கிக் காரில் சாய்த்து, முதுகுக்குத் தலையணை வைத்து, கிளிப்பை மாட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக் காட்டினார். மாலையில் மறுபடி தூக்கிப் படுக்கையில் விட்டார். அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

பத்தொன்பதாம் நாள், திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மூச்சு அடைத்தது.

வத்சலா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் வருகிற அதே குரல், அதே பதில். காத்திருக்கவும்.

ஆக்சிஜன் எண்பது. எழுபத்தாறு. நஸ்ரினுக்குப் போன் போட்டிருந்தார்கள். அவளும் ஓடி வந்துவிட்டாள். முகுந்தனின் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எழுபத்தொன்று. காரின் முகப்பில் பச்சை விளக்கு முதலிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. மோட்டார் தயார். நோயாளியின் நிலை மோசம், முழு வேகம் திறந்திருக்கிறது, போகலாம் என்றது.

மருதாசலம் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார்.

"சார், ஆஸ்பத்திரிக்கு எட்டே நிமிஷமுங்க. காத்தும் அடிக்கும், மூச்சும் வந்துரும். போயிரலாம் சார். கேளுங்க சார்."

முகுந்தனின் கண்கள் அவர் பக்கம் திரும்பின. சொல் வரப் பல முயற்சி தேவைப்பட்டது.

"அந்த... அம்மாகிட்ட... இந்தக் காரு... இருக்குதா?"

மருதாசலம் கையை எடுத்தார். மிதித்தால் அந்த அடி விழும், அவர் சிரிப்பார், எண் ஏறும், பன்னிரண்டாவது முறையும் இந்த நோய் தானாகத் தேறியதாக மெஷின் எழுதிக்கொள்ளும். காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்தார்.

பதினான்காவது நிமிடத்தில் வத்சலாவால் முடியவில்லை. டாக்டருக்குப் போன் செய்தார். யாரும் தடுக்கவில்லை. எப்படித் தடுப்பது? டாக்டர் அன்று வேறொரு வீட்டில் இருந்தார். வண்டியை விரட்டிக்கொண்டு வந்தும், அவர் போர்டிகோவுக்குள் நுழைந்தபோது நேரம் கடந்திருந்தது. முகுந்தனின் கன்னத்தில் கன்னம் வைத்தபடி வத்சலா காருக்குள் குனிந்து நின்றிருந்தார். திரையில் எண்கள் போய்க் கோடு மட்டும் இருந்தது.

கிளிப்பைக் கழற்ற டாக்டர் கை நீட்டினார். "கொஞ்சம் பொறுங்க சார்" என்றாள் நஸ்ரின் அழுதுகொண்டே. "அது எழுதி முடிக்கட்டும்."

பத்தாம் நாள் காரியம் முடிந்தபின் மருதாசலம் மோட்டாரைக் கழற்றி ஒப்படைத்தார். லைசென்ஸ் ஆறு மாதத்துக்கு நிறுத்தப்பட்டது. பட்டறையில் அவர் சைக்கிள்களுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் பிலோமினாவின் போன் வந்தது.

"தம்பி, நேத்து எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டிருச்சுங்க. கூப்பிட்டேன். காத்திருங்கன்னு சொல்லவே இல்லீங்க! ஒம்பதே நிமிஷத்துல வந்துருச்சு. இப்ப வார்டுல கஞ்சி குடிச்சுட்டு இருக்காரு, உப்பில்லைன்னு என்னையத் திட்டறாரு." அவர் சிரித்தார். "நீங்க மேல பேசி ஏதோ செஞ்சிருக்கீங்க. எனக்குத் தெரியும்."

"நான் ஒண்ணும் செய்யலீங்க்கா."

"சரி, இருக்கட்டும். அந்த ஞாயித்துக்கெழமைக்காரரு பேரு என்னங்க? அன்னிக்குக் கேக்காம வந்துட்டேன். மாதா கோயில்ல இந்த வாரம் பூசைக்குப் பேரு கொடுக்கறேன். பேரு எழுதற அம்மா இவரைப் பாக்க வந்து பக்கத்துலதான் இருக்காங்க."

"முகுந்தனுங்க."

"முகுந்தன்" என்று அவர் அந்தப் பக்கம் யாரிடமோ சொல்வது கேட்டது. "உடல் சுகத்துக்குன்னுதானே போடறது?"

மருதாசலம் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஆமாம் என்று சொல்லிவிடலாம். பிலோமினா சந்தோஷமாக இருக்கிறார். ஆனால் சாமிக்குப் போகிற சீட்டில் தவறாக எழுத வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"ஆத்ம சாந்திக்குன்னு போடச் சொல்லுங்க்கா."

மறுமுனையில் வார்டின் இரைச்சல் கேட்டது. யாரோ தட்டைத் தள்ளிவைத்தார்கள். ஓர் ஆண் குரல் உப்பு கேட்டது.

"எப்பங்க?" என்றார் பிலோமினா.

"போன மாசம். திங்கட்கிழமைங்க."

"வீட்டுலயா?"

"ஆமாங்க. காருலதான்."

அவசரப் பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்தவர். எதை எதோடு சேர்ப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எத்தனை நிமிஷம் காத்திருந்தாருங்க, தம்பி?"

"இருபத்திரண்டுங்க்கா" என்றார் மருதாசலம்.